அலுமினியத் தாள்

நத்தைகளுக்குப் பத்து மணிக்கு மேல்தான் விடியும்.
தொட்டிக்கு மேலே விளக்கைப் போட்டால்
அரை மணிக்குள்
தண்ணீரில் தூசுபோல ஏதோ கிளம்பும்.
தூசு இல்லை.
வால் பிளந்த புழுக்குஞ்சுகள்.
தோலைத் தொட்டால் ஐந்து நிமிடம் போதும் அவற்றுக்கு,
கதவு தட்டும் வழக்கமில்லை.
அதனால் எனக்கு முழங்கைவரை
இரண்டடுக்குக் கையுறை.

புவன விஸ்தாவில் நான்காம் மாடி.
என் வேலை எண்ணுவது.
ஊதாவுக்கு அப்பாலுள்ள ஒளியில்
பத்து நொடி, இருபது, நாற்பது என்று
கிண்ணங்களைக் காட்டி எடுத்துவிட்டு
நாலு மணி நேரம் கழித்து
எத்தனை நீந்துகின்றன
எத்தனை இருந்த இடத்திலேயே சுழல்கின்றன
எத்தனை கிடக்கின்றன.

அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.
தெரிவதெல்லாம் அதன் ஓரத்தில் கசியும் நீலம்.
ஒருமுறை முகக்கவசம் போட மறந்துபோய்
இமைக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல்
இரண்டு நாள் ஈசூன் வீட்டில்
திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கிடந்தேன்.
"புழுவுக்கும் இப்படித்தான் எரியுமா?"
என்று கேட்டார் நெடுமாறன்,
கண்ணில் ஈரத்துணி வைத்தபடி.
தெரியாது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஹஸ்லிண்டா செவ்வாய் எண்ணுவாள், நான் வியாழன்.
அவள் கிண்ணத்தில் நூற்றுக்கு எண்பத்தெட்டு சாவு.
என் கிண்ணத்தில் நாற்பத்தொன்று.
அதே விளக்கு, அதே இருபது நொடி,
அதே தொட்டி நத்தை.
மூன்று வாரம் இப்படி.
ஆய்வுத் தலைவர் பூன் ஹுவாட் அதட்டவில்லை.
என் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார்.
அதட்டியிருக்கலாம்.

புதுக் கண்ணாடி, இருநூற்றிருபது வெள்ளி.
சாவு: நாற்பத்துமூன்று.

நான்காம் வாரம்
ஹஸ்லிண்டா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு
நான் செய்வதை ஒன்றுவிடாமல் பார்த்தாள்.
நோன்பு மாதம்,
அவளுக்கு எழுந்துபோக மதியச் சாப்பாடு இல்லை.
எனக்கு இருந்தது.
கீழே கடையில் மீகூன் தின்றுவிட்டு வந்தால்
கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
"நீ இதை மூடுவதில்லையா?"
"மூட வேண்டுமா?"

அவளுடையவை விளக்கிலிருந்து எடுத்ததும்
நேரே அலுமினியத் தாளுக்குள்,
மகனுக்குப் பள்ளிக்கு ரொட்டி கட்டுகிற
அதே மடிப்பில்.
என்னுடையவை ஜன்னலோரம்,
பன்னிரண்டு மணிப் பகலில், சும்மா.

அந்தக் காணாத ஒளி
புழுவின் உயிரிழையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை
ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுமாம்.
படிக்க முடியாத பக்கம்.
பிறகு வெறும் பகல் வெளிச்சம் பட்டால்
உள்ளே எதுவோ விழித்துக்கொண்டு
ஒட்டியதைப் பிரித்துவிடுமாம்.
புதிய செய்தியே இல்லை என்றார் பூன் ஹுவாட்,
பழைய ஆய்வுகளில் இருக்கிறது,
நாம்தான் தேடவில்லை.
நாம் என்றார்.
கண்ணாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடித்தது ஒளி என்றால் ஆற்றியதும் ஒளிதானா
என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன்.
குறிப்பேட்டில் பென்சிலால்கூட
அப்படியெல்லாம் எழுதக் கூடாது.
அழித்தேன், தடம் இருக்கிறது.

மறந்துவிடவில்லை,
இவை எங்கோ ஓர் ஆற்றங்கரையில்
குளிக்கிற பிள்ளையின் ஈரலைத் தேடிப் போகிறவை.
இருந்தாலும்
மூன்று வாரம் நான் அறியாமல் கொடுத்த பகலை
இனி அறிந்து மறுக்க வேண்டும்,
மூலை மூலையாக மடித்து,
கசிவு இல்லாமல்.

இந்த வியாழன் தாளை அழுத்தும் முன்
உருப்பெருக்கியில் ஒரு கணம் பார்த்தேன்.
ஒன்று
வாலை இழுத்து இழுத்து
ஜன்னல் பக்கத்து ஓரத்துக்கே வந்து
நின்றது.
மூடினேன்.

எண்பத்தேழு.
பழைய கண்ணாடியைத்தான் போட்டிருந்தேன்.